மட்டம் குறையாத கிணறு

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்கள் ஆறு பேருக்கும் என் அனுபவத்திலிருந்து ஏதாவது சொல்ல வேண்டும் என்று அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். நல்லதாகச் சொல்லுங்கள் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். ஓய்வு பெற்ற ஒருத்தியிடம் நல்லதாகச் சொல் என்று கேட்டால், பழசைக் கிளறாமல் காபி குடித்துவிட்டுப் போ என்று அர்த்தம். காபி குடித்துவிட்டேன். இனி கிளறுகிறேன்.

உங்கள் கைப்புத்தகத்தின் முதல் பாடம் எனக்கு இன்னும் மனப்பாடம். இயற்கை வளங்கள் இரண்டு வகைப்படும்: புதுப்பிக்கத்தக்கவை, புதுப்பிக்க இயலாதவை. வெயில், காற்று, தண்ணீர், காடு, மீன் எல்லாம் ஒரு பக்கம். நிலக்கரி, பெட்ரோல், இரும்பு எல்லாம் மறு பக்கம். நடுவில் அளவுகோல் வைத்து இழுத்த ஒரு கோடு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முழு மதிப்பெண் வாங்கும் பாடம் இது. நாம் அதையே முதுகலை வரை படித்து, போட்டித் தேர்வு எழுதி, நிலத்தடி நீர் அளக்கும் அலுவலகத்தில் உட்கார்ந்து, சம்பளம் வாங்கிக்கொண்டு தப்பாக எழுதுகிறோம்.

ஆழ்துளைக் கிணறு போட அனுமதி கேட்டு வரும் படிவத்தை இந்த வாரமே உங்கள் மேஜையில் வைத்திருப்பார்கள். அதில் ஏழாவது கட்டம், 'வளத்தின் வகை'. கேட்பது தண்ணீர். தண்ணீர் மழையிலிருந்து வருகிறது. மழை வருடா வருடம் பெய்கிறது. ஆகவே புதுப்பிக்கத்தக்கது. நான் சேர்ந்த காலத்தில் இந்தச் சொல்லைக் கையால் எழுதிக்கொண்டிருந்தோம். பிறகு எழுத்தர் ஒருவர், எல்லாப் படிவத்திலும் ஒரே சொல்லைத்தானே எழுதுகிறோம் என்று அதற்கு ரப்பர் ஸ்டாம்ப் செய்து கொண்டுவந்தார். ஆளுக்கு ஆள் அவரைப் பாராட்டினோம். 'இயலாதது' என்பதற்கும் ஒன்று செய்துவிடட்டுமா மேடம் என்று கேட்டார். எதற்கு வீண் செலவு என்று சொன்னது நான்தான். ஒரு கேள்விக்கு ஒரே ஒரு ஸ்டாம்ப் இருந்தால் நாம் அந்தக் கேள்வியைக் கேட்பதையே நிறுத்திவிட்டோம் என்று அர்த்தம். அது எனக்கு உறைக்கப் பல வருடம் ஆயிற்று.

கனகசெட்டிக்குளம் உங்களுக்குத் தெரியும். வடக்கே நம் புதுச்சேரி எல்லை முடிகிற இடம். அதற்குப் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பம். பெயர் வேண்டாம், ஏற்கெனவே அவர்களுக்கு நம்மால் பட்டது போதும். குப்பத்துக்கு மேற்கே, கொஞ்சம் உள்வாங்கிய இடத்தில், ஒருவர் ஐஸ் கம்பெனி வைக்க மனு போட்டார். உடனே அவரை வில்லனாக்கிவிடாதீர்கள். குப்பத்துப் பஞ்சாயத்தாரே கூட வந்து நின்றார்கள். பிடிக்கிற மீனுக்கு ஐஸ் வாங்க டெம்போ பிடித்துப் புதுச்சேரி நகரம் வரை வர வேண்டியிருக்கிறது, திரும்பி ஊர் போய்ச் சேர்வதற்குள் பாதி உருகிவிடுகிறது, ஊரிலேயே ஐஸ் கிடைத்தால் பிழைப்போம் என்றார்கள். நியாயமான கோரிக்கை. ஸ்டாம்பை எடுத்தேன், ஏழாவது கட்டத்தில் குத்தினேன், கீழே என் கையெழுத்து. எல்லோரும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

இடம் எப்படி அமைந்திருக்கிறது என்று மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். கிழக்கே கடல். மேற்கே ஐஸ் கம்பெனி. நடுவில் குப்பம். குப்பத்துக்குள் ஊருக்கே குடிநீர் தரும் ஒரு போர். அதை ஒட்டியே நம் அலுவலகத்தின் கண்காணிப்புக் கிணறு. கம்பெனி வந்த பிறகு வருடத்துக்கு இரண்டு முறை, மழைக்கு முன்னால் ஒன்று, மழைக்குப் பின்னால் ஒன்று, அந்தக் கிணற்றில் தண்ணீர் மட்டத்தை அளந்தோம்.

அளப்பவர் மிசேல். நகரத்துக் கிறிஸ்தவக் குடும்பம். அண்ணன் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து பிரான்சிலேயே தங்கிவிட்டவர். மிசேல் மட்டும் நம் அலுவலகத்தில் டேப் பிடித்துக்கொண்டிருந்தார். என்னை மேடம் என்று கூப்பிட மாட்டார், மேதாம் என்பார். இரும்பு டேப்பின் நுனியில் சாக்பீஸ் தடவிக் கிணற்றுக்குள் விடுவார். நுனி தண்ணீரைத் தொட்டதும் "வொலா" என்பார், பிரெஞ்சில் 'இதோ'. இழுத்துப் பார்த்தால் சாக்பீஸ் நனைந்த இடம் வரை தண்ணீர். நான் குறித்துக்கொள்வேன். அடுத்த கிணறு. எங்கள் தொழிலே இவ்வளவுதான், இதற்கு ஒரு ஜீப்பும் இருந்தது.

இரண்டு வருடமும் மட்டம் குறையவில்லை. ஒரு கை அகலம் கூட இல்லை. வரைபடத்தில் கோடு படுத்துத் தூங்கியது. ஐஸ் கம்பெனி நாள் முழுக்க இறைக்கிறது, மட்டம் அப்படியே நிற்கிறது. இதைவிட அழகான புதுப்பிக்கத்தக்க வளம் எங்கே கிடைக்கும்? ஒரு கூட்டத்தில் அந்த வரைபடத்தைப் பெரிதாகக் காட்டி விளக்கவும் செய்தேன். கை தட்டினார்கள்.

எனக்கு அந்த இரண்டு வருடத்தில் இருந்த ஒரே மனக்குறை டேப்தான். புது டேப், நுனி துருப்பிடித்துவிட்டது. மட்டமான சாமானைத் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று விற்றவருக்கு நான் காரமாக ஒரு கடிதம் எழுதினேன். அவர் மறுபேச்சு இல்லாமல் வேறு டேப் கொடுத்தார். அதுவும் துருப்பிடித்தது. இன்னும் காரமாக எழுதினேன்.

இதே சமயத்தில் அந்தக் குப்பத்திலிருந்து ஒரு போன் வந்தது. படகுகள் இழுத்து வைக்கும் இடத்தில் டீக்கடை நடத்தும் செல்வி என்பவர். நம் கிணற்று மூடியில் அலுவலக எண் எழுதியிருக்கிறதே, அதைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார்.

"மேடம், கொழாத் தண்ணில டீ போட்டா பால் திரியுது மேடம்."

"பாலை மாத்திப் பாருங்க," என்றேன்.

சொல்லி முடித்துவிட்டு நான் மறந்துவிட்டேன். அவர் மறக்கவில்லை. அரசாங்க அதிகாரி சொன்னதாயிற்றே என்று பாலை மாற்றினார். பால் ஊற்றிக்கொண்டிருந்தவர் அவருடைய நாத்தனார் வீட்டுக்காரர். இத்தனை வருடமாக ஊற்றும் பாலில் குற்றமா என்று அவர் குதிக்க, குற்றம் இல்லாமலா திரிகிறது என்று இவர் குதிக்க, இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றுபோனது. அடுத்தது வேறொரு பால்காரர். அவரும் திட்டு வாங்கிக்கொண்டு போனார். கடைசியில் பாக்கெட் பால். பாக்கெட் பாலும் திரிந்தது.

நான் டேப் விற்றவரைத் திட்டிக்கொண்டிருந்தேன், அவர் பால் விற்றவரைத் திட்டிக்கொண்டிருந்தார். எனக்கும் அவருக்கும் ஒரே வித்தியாசம், அவர் மூன்றாவது முறையில் நிறுத்திவிட்டு பஸ் ஏறினார்.

அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் ஐந்து நாள். உங்களுக்குத் தெரியாதது இல்லை, மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று இரண்டு மாதம் விசைப்படகுகளைக் கடலில் இறக்காமல் கட்டிப்போட்டு வைப்பார்கள். செல்வி ஒரு கையில் தூக்குச் சட்டியும் இன்னொரு கையில் தண்ணீர் பாட்டிலுமாக என் அறைக்கு வந்தார். தூக்கைத் திறந்து காட்டினார். டீ தயிராக நின்றது.

"பாருங்க மேடம். இதக் குடுத்தா எவன் குடிப்பான்? நாலு புள்ளைங்கள இந்தக் கடைய வச்சித்தான் படிக்க வெக்கிறேன்."

நான் அவரை உட்காரச் சொல்லி, அலமாரியிலிருந்து என் பெருமைக்குரிய வரைபடத்தை எடுத்து விரித்தேன். அந்தக் காலத்தில் எனக்கு ஒரு வியாதி இருந்தது, பயந்து வருகிறவர்களுக்கு வரைபடம் காட்டுவது.

"இந்தக் கோடு பாருங்க. உங்க ஊர்த் தண்ணி மட்டம். ரெண்டு வருஷமா எறங்கவே இல்ல. தண்ணி அப்படியே இருக்குது."

"ஐஸ் கம்பெனிக்காரன் நாள் முச்சூடும் எறைக்கிறான் மேடம்."

"எறைக்கட்டுமே. மழை பெஞ்சு ரொம்பிடுது. எடுக்க எடுக்க ஊறிக்கினே இருக்கும். நாங்க அத அளந்துதான் சொல்றோம்."

செல்வி கோட்டைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தணித்தார்.

"மேடம், வெளில சொல்லிப்புடாதீங்க. நானும் பால்ல தண்ணி கலக்குறவதான். காலைலேர்ந்து குண்டான்லேர்ந்து மொண்டுகினே இருப்பேன். குண்டான்ல பால் கொறையவே கொறையாது. நீங்க ஒரு குச்சிய உட்டு அளந்தீங்கன்னா, காலைல எவ்ளோ இருந்துச்சோ சாயங்காலமும் அவ்ளோதான் இருக்கும். அதுக்காவ அது பாலா மேடம்?"

நான் மறுபடியும் கோட்டைப் பார்த்தேன்.

"அளவு கொறையலன்றீங்க. சரி. உள்ள எது வந்து ரொம்புதுன்னு பாத்தீங்களா?"

அந்த அறையில் என்னையும் சேர்த்து மூன்று முதுகலைப் பட்டதாரிகள் இருந்தோம். மிசேல்தான் எழுந்து போய் அலமாரியிலிருந்து டேப்பை எடுத்து வந்து என் மேஜை மேல் வைத்தார்.

"மேதாம், இது அந்த ஒரு கெணத்துல உட்டாதான் துரு புடிக்குது. மத்த கெணத்துல ஒண்ணும் ஆவறதில்ல. அங்க போனா நான் தொடைச்சி எண்ணெ போட்டுத்தான் சுத்தி வைக்கிறேன்."

"ரெண்டு வருஷமா ஏன் மிசேல் சொல்லல?"

"நீங்க மட்டம்தானே மேதாம் கேட்டீங்க."

இங்கே நம் அலுவலக நடைமுறையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நாங்கள் மட்டப் பிரிவு. தண்ணீரின் ருசியும் குணமும் வேதியியல் பிரிவின் சொத்து. அவர்கள் கோரிமேடு பக்கம் வேறு கட்டடத்தில் இருந்தார்கள். நாங்கள் பாட்டிலில் தண்ணீர் பிடிக்கக் கூடாது, அவர்கள் டேப்பைத் தொடக் கூடாது. அவர்கள் தங்கள் பட்டியல்படி, தங்களுக்கு ஜீப் கிடைக்கிற மாதத்தில் பிடித்துப்போய்ச் சோதித்து எழுதும் முடிவு வேறொரு கோப்பில் போய்ச் சேரும். அந்தக் கோப்பை நாங்கள் கேட்டதில்லை. கடல் நீர் உள்ளே வருவது பற்றி வகுப்பில் படிக்காதவர்கள் எங்களில் யாரும் இல்லை. நல்ல தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, காலியான இடத்துக்குக் கடல் பக்கத்து உப்புத் தண்ணீர் நகர்ந்து வரும், மட்டத்தைப் பார்க்கிறவனுக்கு இரண்டும் தண்ணீர்தான் என்று நானே தேர்வில் ஐந்து பக்கம் எழுதியிருக்கிறேன். தேர்வில் எழுதியதால்தானோ என்னவோ, ஊருக்குள் அது நடக்கும் என்று தோன்றவில்லை.

அடுத்த நாள் காலையில் விதியை மூட்டை கட்டி வைத்துவிட்டு, கல்லூரியில் பாடம் நடத்தும் தோழியிடம் உப்பு காட்டும் மீட்டரை இரவல் வாங்கிக்கொண்டு, மிசேலோடு போனேன். கண்காணிப்புக் கிணற்றின் அடியில் மீட்டர் எகிறியது. ஏறக்குறைய கடல். மேலே வர வர குறைந்தது. ஊர்க் குடிநீர் போரில் உப்பு தலைகாட்டியிருந்தது, ஆனால் இன்னும் வாயில் வைக்கலாம். பால்தான் முதலில் கண்டுபிடித்திருக்கிறது. ஐஸ் கம்பெனி போரில் பார்த்தேன், அருமையான தண்ணீர். இனித்தது.

"பாத்தீங்களா மேடம், நம்ம தண்ணி சுத்தம்," என்று முதலாளி சிரித்தார். எனக்கும் மிசேலுக்கும் ஆளுக்கொரு மோர் கொடுத்தார். அவர் சொன்னது பொய் இல்லை. அவர் மோட்டார் இழுக்கிறது, கடல் கிளம்பி வருகிறது, வருகிற வழியில் ஊர்க் கிணறு இருக்கிறது. கடல் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர இன்னும் நாள் இருந்தது, அவ்வளவுதான்.

ஒரு நல்ல செய்தியும் இருந்தது. தடைக்காலத்தில் ஐஸ் தேவை இல்லாததால் இரண்டு மாதமாக மோட்டார் பாதி நேரம்தான் ஓடியிருக்கிறது. அதனால்தான் உப்பு குடிநீர் போரை முழுசாக விழுங்காமல் வாசலில் நின்றிருந்தது. இப்போது பிடித்து நிறுத்தினால் ஊர்க் கிணறு பிழைக்கும். படகுகள் இறங்கி மோட்டார் முழுநேரமும் ஓட ஆரம்பித்தால் பிழைக்காது. கையில் நான்கு நாள். மோட்டாரை நிறுத்தச் சொல்ல நம் அலுவலகத்துக்கு அதிகாரம் உண்டு. அதற்கு வேண்டியது ஒரே ஒரு அறிக்கை. அதை எழுத வேண்டியவள் நான்.

எழுதினேன். இந்த இடத்தில் இது புதுப்பிக்கத்தக்க வளம் இல்லை, உடனே நிறுத்த வேண்டும் என்று நான்கே வரி. மேலதிகாரியிடம் கொண்டுபோனேன். அவர் கெட்டவர் இல்லை, ஓய்வு பெறும் வரை எதுவும் நடக்கக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டிருந்தவர். படித்தார். பழைய கோப்பை வரவழைத்தார். ஏழாவது கட்டத்தில் விரலை வைத்தார்.

"இது யாரு கையெழுத்து?"

"என்னோடதுதான் சார்."

"அப்ப உங்களுக்கு நீங்களே மெமோ எழுதிக்கப் போறீங்களா மேடம்?"

அவர் இன்னொரு விரலால் என் வரைபடத்தைத் தொட்டார்.

"இதக் காட்டித்தான கூட்டத்துல கைதட்டு வாங்கினீங்க. இப்ப இது தப்புன்னா, மத்த கெணறெல்லாம் சரியான்னு கேப்பான். எதுக்கு வம்பு? மீட்டரும் நம்மளுது இல்ல. 'மேலும் ஆய்வு தேவை'ன்னு ஒரு வரி போடுங்க. வேதியியல் பிரிவுக்கு அனுப்பலாம். அவங்க பாத்துச் சொல்லட்டும்."

வெளியே வந்தால் வராந்தாவில் குப்பத்துப் பஞ்சாயத்தார் ஆறு பேர். சேதி எப்படியோ போயிருக்கிறது.

"மேடம், தடை முடிஞ்சி மொத நாளு படகு எறங்குது. ரெண்டு மாசமா அடுப்பு சரியா எரியல. ஐஸ் இல்லன்னா புடிக்கிற மீன இன்னா பண்றது? கொஞ்ச நாளு போவட்டும் மேடம்."

"உங்க வீட்டுலயும் அந்தத் தண்ணிதான் குடிக்கிறாங்க."

"தண்ணி மழைக்கு வந்துடும் மேடம். நீங்கதான சொன்னீங்க."

மீன் பெருகட்டும் என்று இரண்டு மாதம் படகைக் கட்டிப்போட்டுப் பட்டினி கிடக்கத் தெரிந்த ஊர் அது. தண்ணீருக்கும் அப்படி ஓய்வு வேண்டும் என்று யாராவது விளக்கிச் சொல்லியிருந்தால் அவர்களுக்குப் புரிந்திருக்கும். சொல்ல வேண்டிய ஆள் அவர்கள் முன்னால் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். முழுசாக நிறுத்தக்கூட வேண்டியதில்லை. கம்பெனி பாதி நேரம் ஓடட்டும், மீதி ஐஸ் முன்பு போலப் புதுச்சேரியிலிருந்து டெம்போவில் வரட்டும் என்று நான் அந்த வராந்தாவிலேயே பேசியிருக்கலாம். ஒன்றிரண்டு சண்டையோடு முடிந்திருக்கும். அந்த யோசனை எனக்கு வந்தது, வீட்டில் சாதம் வடித்துக்கொண்டிருந்தபோது, படகு இறங்கி மூன்று நாள் கழித்து.

அன்று மாலை நான்கு வரியை எடுத்துவிட்டு 'மேலும் ஆய்வு தேவை' என்று எழுதிக் கொடுத்தேன். இதைவிட இதமான மூன்று சொற்கள் அரசாங்கத்தில் கிடையாது. எழுதுகிறவருக்குத் தூக்கம் வரும், படிக்கிறவருக்குத் தூக்கம் வரும். தூக்கம் கெடுவது மூன்றாவது ஒருவருக்கு. பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்தது. தப்பு செய்தேன் என்று கையெழுத்துப் போட எனக்குப் பயமாக இருந்தது. இத்தனை வருடம் கழித்து அதற்கு வேறு பெயர் வைக்க எனக்கு விருப்பமில்லை. பயந்தேன்.

படகுகள் இறங்கின. மீன் நன்றாகப் பட்டது என்றார்கள். மோட்டார் முழுநேரமும் ஓடியது. என் கோப்பு கோரிமேட்டுக்குப் போனது, படிவத்தில் ஓர் இணைப்பு இல்லை என்று திரும்பி வந்தது, இணைப்போடு மறுபடியும் போனது. ஐப்பசியில் மழை கொட்டியது. எந்த மழையை நம்பச் சொன்னேனோ அதே மழை, குறையே சொல்ல முடியாத மழை. கிணற்று மட்டம் ஜம்மென்று ஏறியது. மிசேல் வொலா என்று சொல்லவில்லை. குழாயில் வந்த தண்ணீரை நாய் கூட முகர்ந்துவிட்டுப் போயிற்று.

அதற்கப்புறம் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், சொல்லவே பிடிக்கவில்லை. குப்பத்துக்கு டேங்கர் லாரி வந்தது, பெண்கள் பிளாஸ்டிக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போவதா தண்ணீருக்கு நிற்பதா என்று திண்டாடினார்கள். அடுத்த கோடையில் உப்பு ஐஸ் கம்பெனி போருக்கும் போய்ச் சேர்ந்தது. முதலாளி சாமான்களை ஏற்றிக்கொண்டு எல்லைக்கு அந்தப் பக்கம் போய்ப் புதிதாகப் போர் போட்டுக்கொண்டார். அங்கே வேறு அரசாங்கம், வேறு அலுவலகம், வேறு படிவம். நிலத்துக்கு அடியில் மட்டும் அதே தண்ணீர்.

வேதியியல் பிரிவின் முடிவு வந்தபோது கம்பெனி இருந்த இடத்தில் முள் முளைத்திருந்தது. முடிவு என் மீட்டர் சொன்னதையே சொன்னது. கீழே, மேலும் ஆய்வு தேவை என்று அவர்களும் எழுதியிருந்தார்கள்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நான் குப்பத்துக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. செல்வி என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

"பழையபடி எப்போ மேடம் ஆவும்?"

மண்ணுக்குள் புகுந்த உப்பு மேலே பெய்கிற மழையில் கழுவிப் போய்விடாது, இன்றைக்கே எல்லா மோட்டாரையும் நிறுத்தினாலும் ரொம்ப காலம் பிடிக்கும் என்று எனக்குத் தெரிந்த எளிய சொற்களில் சொன்னேன்.

"எங்க புள்ளைங்க காலத்துலயாவது?"

"உறுதியா சொல்ல முடியாது செல்வி."

"எடுக்க எடுக்க ஊறும்னு சொன்னீங்களே. எழுதிக் குடுத்தீங்களாமே."

"எழுதினேன். தப்பா எழுதினேன். அப்புறம் தப்புன்னு தெரிஞ்சும் மாத்தி எழுதல."

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "எங்க நாத்தனார் ஊட்டுக்காரரு இன்னமும் என்னாண்ட பேசறதில்ல மேடம்," என்று மட்டும் சொன்னார். "போய் மன்னிப்புக் கேட்டேன். நீ தண்ணி கலந்த பாலுக்கு நான் பேச்சு வாங்கணுமான்றாரு. அதுவும் நாயம்தான்."

திரும்பி வந்து கோப்பில் கையாலேயே எழுதினேன். இக்கிணறு இன்று வாழ்பவர்களைப் பொறுத்தவரை புதுப்பிக்க இயலாதது, முன்பு தவறாக வகைப்படுத்தியதும் தெரிந்த பின் திருத்தாமல் இருந்ததும் நானே. கீழே கையெழுத்து. 'இப்படி ஒரு வகை விதிகளில் இல்லை' என்று கோப்பு திரும்பி வந்தது. நான் வரியை எடுக்கவில்லை. பதவி உயர்வு தள்ளிப்போனது. தியாகி என்று நினைத்துவிடாதீர்கள், கிணறு போன பிறகு எழுதிய வரி அது. செத்தவருக்கு மருந்துச் சீட்டு எழுதின மாதிரி.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். புதுப்பிக்கத்தக்கது என்பது தண்ணீரின் பிறவிக் குணம் இல்லை. எவ்வளவு வேகமாக வருகிறது, எவ்வளவு வேகமாக எடுக்கிறோம், எடுத்த இடத்தில் வந்து உட்காருவது அதே பொருள்தானா, யாருடைய ஆயுளுக்குள் திரும்பி வரும், இத்தனையையும் கேட்ட பிறகுதான் அது எந்தப் பக்கம் என்று தெரியும். ஒரே தண்ணீர் ஒரு தெருவில் இந்த வகையாகவும் அடுத்த தெருவில் அந்த வகையாகவும் இருக்கும். வட்டாரம் முழுவதற்கும் சராசரி போட்டுப் 'பாதுகாப்பானது' என்று பட்டியலில் பச்சை வண்ணம் அடித்திருப்பார்கள், அந்தப் பச்சைக்குள் ஒரு கிணறு செத்துக்கொண்டிருக்கும். வெயிலும் காற்றும் நாம் கை வைத்துக் கெடுக்க முடியாததால் தப்பித்தன. மற்றது எல்லாவற்றையும் நாம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தள்ளிவிட முடியும். கோடு புத்தகத்தில் இல்லை, உங்கள் கையில் இருக்கிறது. இதைத் தேர்வில் எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது.

வருடம் ஒரு முறை, மழை முடிந்து தை பிறந்ததும், நான் பஸ் ஏறி அந்தக் குப்பத்துக்குப் போகிறேன். செல்வி கடை நடக்கிறது. கேன் தண்ணீரில் டீ போடுகிறார். அந்தக் கேன் செலவு தாங்காமல் பிள்ளைகளில் மூத்தவன் கல்லூரியை விட்டுவிட்டு ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தான் என்று போன வருடம் சொன்னார். கடைக்கு வருகிற எல்லோருக்கும் கேன் தண்ணீர். நான் பெஞ்சில் உட்கார்ந்தால் மட்டும் சட்டியை எடுத்துக்கொண்டு கேனைத் தாண்டிப் போய், ஊர்க் குழாயைத் திறந்து பிடித்து வந்து அடுப்பில் வைப்பார். பால் ஊற்ற மாட்டார், ஊற்றினால் நிற்காது. முதல் வருடம் நான் கேனைக் கை காட்டினேன்.

"நீங்கதான மேடம் அளக்குறவங்க. அளந்து சொல்லுங்க," என்றார்.

அப்புறம் நான் கை காட்டவில்லை. தம்ளரைக் காலி செய்யும் வரை எதிரிலேயே நிற்பார். இந்தத் தையிலும் நின்றார்.

"போன வருஷத்துக்கு இந்த வருஷம் உப்பு கொறைஞ்சிருக்கா மேடம்?"

கொஞ்சம் என்று சொல்ல வாய் வரை வந்தது.

"இல்ல செல்வி."

தம்ளரை வாங்கிக் கழுவிக் கவிழ்த்தார். எனக்கு முட்டி வலி, அடுத்த வருடம் பஸ்ஸில் வர முடியுமா தெரியவில்லை என்றேன். அலுவலகத்தில் புதிதாக ஆறு பேர் சேர்ந்திருக்கிறார்கள், அவர்களில் ஒருவரை அனுப்புகிறேன் என்றேன்.

"அனுப்புங்க மேடம்," என்றார் செல்வி. "அவங்களுக்கும் கொழாத் தண்ணிதான்."